வெள்ளம் ஒழிச்ச தரை

அஜீஷுக்கு எந்த வேலையும் வரும், காத்து நிற்பது மட்டும் வராது. தமிழும் மலையாளமும் கலந்த எல்லை ஊரான பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றால், பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருக்க அவனால் ஆகாது. அடுத்த ஸ்டாப்பை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவான். இரண்டு ஸ்டாப்புக்கும் நடுவே அவன் நடந்துகொண்டிருக்கும்போதுதான் பஸ் அவனைத் தாண்டிப் போகும். அதற்காக மறுநாள் நின்றுவிடுவானா என்றால், இல்லை. மறுநாளும் நடப்பான்.

பிளஸ் டூ பரீட்சையில், வெளியே போகலாம் என்று மணி அடித்ததும் முதலில் எழுந்து வந்தவன் அவன்தான். முடிவு வந்தபோது தோற்றிருந்தான். அம்மா ராஜபாய் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சி வைப்பவள். "கஞ்சி வேகாம எறக்கினா அரிசின்னுதான் பேரு" என்று மட்டும் ஒருநாள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். பிறகு அவன் பேக்கரியில் நின்றான், மொபைல் கடையில் நின்றான், கேபிள் டிவிக்காரனோடு தென்னை மரம் தென்னை மரமாகக் கம்பி இழுத்தான். எதிலும் ஒரு ஓணத்தைத் தாண்டி இன்னொரு ஓணம் காணவில்லை.

எபாக்ஸித் தரை போடுகிற கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் கொஞ்சம் தரித்தான். நகரத்துக்கு வெளியே ஒரு மருந்து கோடவுனில் முதல்முதலாக அதைப் பார்த்தான். இரண்டு டின்னில் வருகிற பசை. ஒன்றை மற்றொன்றில் ஊற்றிக் கலக்கிவிட்டால் அப்புறம் நேரம் நம் கையில் இல்லை. வாளியிலேயே சூடேறி இறுகிப் போவதற்குள் தரையில் ஊற்ற வேண்டும், பல் வைத்த தகட்டால் இழுத்துப் பரப்ப வேண்டும், ஆணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன்மேலேயே நடந்து முள் உருளையால் குமிழிகளை உடைக்க வேண்டும். எல்லாரும் ஓடுவார்கள். யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். நேற்று வரை அழுக்குச் சிமெண்டாகக் கிடந்த தரை, மாலையில் டியூப் லைட்டைத் தன்னுள் காட்டும். உலகத்தில் தனக்கென்று ஒரு வேலை இருந்தால் அது இதுதான் என்று அஜீஷ் அன்றைக்கே முடிவு செய்தான்.

ஆனால் ஊற்றுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னால் தரையை ஒருக்க வேண்டும். தரையைத் தயார் செய்வதைப் பணிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சுரண்டுவது, எண்ணெய்க் கறையை எடுப்பது, வெடிப்பை அடைப்பது, ஆசிட் போட்டுக் கழுவுவது, அப்புறம் காய விடுவது. இந்தக் கடைசி வேலைதான் அவனைக் கொன்றது. காய விடுவதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அந்தத் துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், ரெஜி லீவில் வந்திருந்தான். அஜீஷ் போகிற அதே சர்ச்சைச் சேர்ந்தவன், ஷார்ஜாவில் பெரிய தரைக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் அஜீஷ் அவனைப் பிடித்தான்.

"அண்ணா, என் பேரு சொல்லுவேன்னு போன லீவிலயே பறஞ்சிய."

"லே அஜீஷு, நீ நல்லா ஊத்துவேன்னு எல்லாரும் பறயுதாவ. நான் கண்டதில்ல."

"எங்க கம்பெனி போட்ட தரை வந்து பாருங்க."

"பத்துப் பேரு போட்ட தரையில உன் கை எது, அவன் கை எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? போன தடவை ஒருத்தனைச் சொல்லிக் கொண்டுபோனேன். ஆணிச் செருப்பைப் போட்டுக்கிட்டு வழுக்கி விழுந்து, ஊத்தினதுக்குள்ளயே உருண்டான். எனக்குத்தான் நாணக்கேடு."

"நான் உருள மாட்டேன்."

"அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியணும்லா. தொடக்கம் முதல் கடைசி வரை நீ தனியாச் செஞ்ச ஒரு தரையைக் காட்டு. சின்னதா இருந்தாலும் போதும். கண்டு, எனக்குப் பிடிச்சிருந்தா ஊத்துற ஆளு, அப்ளிகேட்டருன்னு உன் பேரைக் குடுக்கேன். என் லீவு தீரக்குள்ள."

அஜீஷ் அன்று மதியச் சோறு சாப்பிடவில்லை. சாலை பஜாரில் பெயிண்டுக் கடை நயினாரின் வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவரை எழுப்பி, யாராவது எபாக்ஸி கேட்டு வந்தார்களா என்று விசாரித்தான். கரமனையில் ஒரு சாமி கார் ஷெட்டுக்குக் கேட்டார் என்று நயினார் கொட்டாவியோடு சொன்னார்.

அந்தச் சாமி அனந்தபத்மநாபன். கணக்கு ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அக்ரஹாரத்து வீட்டின் பின்பக்கம் விறகுப் புரையாக இருந்த இடத்தை இடித்து, ஆற்றுப் பக்கச் சந்தில் வாசல் வைத்து, காருக்கு ஒரு ஷெட் கட்டியிருந்தார். அமெரிக்காவில் இருக்கிற மகன் மஹேஷ் தன் வீட்டுக் காரேஜை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். இன்டர்நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்த காகிதம், குறுக்கே மை கோடு கோடாகப் போயிருந்தது. ஆனாலும் அதில் தரை பளபளத்தது தெரிந்தது.

"இது தரையாடா, கண்ணாடியான்னு கேட்டேன். தரைதாம்ப்பாங்கறான்" என்று, தேடி வந்த அஜீஷிடம் காகிதத்தை நீட்டினார் அவர்.

"காரு படுத்துக்கற எடத்துல மனுஷாளே படுத்துக்கலாம் போலருக்கே" என்றாள் அவர் மனைவி விஜயலக்ஷ்மி.

"முடியுமா உன்னால?"

"முடியும் சார். ஆனா வேகம் போடணும்" என்று அஜீஷ் ரெஜியின் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குள் தரை பளபளக்க வேண்டும், அன்றைக்கு ரெஜி வந்து பார்ப்பான், மறுநாள் அவனுக்கு விமானம். மஹேஷ் வர இன்னும் மாதக்கணக்கு இருந்தது. சாருக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆனால் தன் ஷெட்டுத் தரையால் ஒருவன் ஷார்ஜா போகப் போகிறான் என்பது அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. "அப்போ நாளைக்கே ஆரம்பிச்சுடு" என்றார்.

மறுநாள் காலையில் அவன் வந்தபோது ஷெட் காலியாக இருந்தது. பழைய ஸ்கூட்டர், தேங்காய் மூட்டை, உடைந்த கட்டில் எல்லாம் வெளியே போயிருந்தன.

"ஒழிச்சுக் குடுத்தாச்சு. இனி உன் பாடு" என்றாள் மாமி.

அந்தச் சொல் அஜீஷுக்குப் புதிதாக இருந்தது. அவன் வீட்டில் சாமான்களை ஒதுக்குவார்கள், மாற்றுவார்கள், ஒழிக்க மாட்டார்கள். மாமி எல்லாவற்றையும் ஒழித்தாள். அலமாரியை ஒழித்தாள், டவராவை ஒழித்துத் தேய்க்கப் போட்டாள். அவன் பேச்சைச் சார் முதல் நாளே கிண்டல் செய்திருந்தார்.

"நீ பேசறது தமிழா, மலையாளமா? பாதி வாக்கியம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்னா இருக்கு."

"எங்க ஊரே அப்படித்தான சார். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்."

ஆனாலும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதனால் மாமியின் சொல்லை அவன் எடுத்துக்கொண்டான். "மாமி, அந்தப் பக்கெட்டைக் கொஞ்சம் ஒழிச்சுத் தாறியளா?" என்று கேட்டபோது மாமி சிரித்தாள், தப்பாகச் சொல்லவில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

வேலை ஓடியது. ஸ்கூட்டர் நின்ற இடத்தில் எண்ணெய் கறுப்பாக ஊறியிருந்தது. அதன்மேல் சோப்புத்தூளும் சலவைக் காரமும் போட்டு, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, மறுபடி தேய்த்தான். வாடகை மெஷினால் தரையின் மேல்தோலை உரசி எடுத்தான். மெஷின் சக்கரம் சுவர் ஓரம் வரை போகாது. அந்த விளிம்புகளை மண்டியிட்டு உரைகல்லால் தேய்த்தான். தூசியில் புருவம் வெளுத்துப்போயிற்று. வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தான். பிறகு ரப்பர் பூட்ஸும் முகமூடியும் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தரையில் தெளித்தான். தரை நுரைத்துச் சீறியது.

சார் சந்தில் நின்று மூக்கைத் துண்டால் மூடியபடி எட்டிப் பார்த்தார். "சிமெண்டைத் தின்னுடாதோ?"

"கொஞ்சம் திங்கணும் சார். வழவழன்னு இருந்தா மேல போடுறது புடிக்காது. சொரசொரன்னு ஆகணும்."

"வழவழப்பாக்கறதுக்காகச் சொரசொரப்பாக்கறயா? நன்னாருக்கு."

சோடாக் கரைசல் விட்டு ஆசிட்டை முறித்து, குழாய் வைத்து நன்றாகக் கழுவித் தள்ளியபோது ஷெட் பளிச்சென்று இருந்தது. இனி காய வேண்டும். அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான்.

துலாவர்ஷ மழை சரியாகச் சாயங்காலத்தில் இடி மின்னலோடு வந்தது. ஷெட்டின் வாசல் கம்பிக் கேட். சாரல் உள்ளே அடித்தது. அவன் தார்ப்பாய் கட்டினான். அதன் அடி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே நுழைந்து ஓரத்தில் தேங்கியது. துடைத்தான். மறுநாள் காலை வெயில் வந்தது. தரையைத் தொட்டுப் பார்த்தான். எதிர் மதிலில் உட்கார்ந்தான். எழுந்து வந்து மறுபடி தொட்டான்.

"தொட்டுத் தொட்டுப் பாத்தா ஒன் கை ஈரமாக்கும் தரையில படறது" என்றார் சார்.

அன்றைக்கே மலைப்பக்கத்து வித்துராவிலிருந்து கம்பெனிக் கூட்டாளி ஒருவன் சார் வீட்டு டெலிபோனில் அழைத்தான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தரை மூலை பெயர்ந்திருக்கிறது, ஒட்டுப் போட ஆள் வேண்டும். அஜீஷ் ஒரு நொடி யோசிக்கவில்லை. சார் அப்போது கோயிலுக்குப் போயிருந்தார். வந்துவிடுவார், இரு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று மாமி சொன்னாள். "போன் பண்ணுதேன் மாமி" என்று சந்தைத் தாண்டி ஓடிவிட்டான்.

வித்துராச் சந்தையில் டெலிபோன் பூத்தின் தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு தோட்டத்துக்காரர் குடையோடு நின்று முறைத்தார். ஷெட்டுக்குள் சாரல் அடித்துத் தேங்கியிருக்கும் என்று அஜீஷ் அவசரமாக நம்பரை அழுத்தினான்.

"சார், அஜீஷாக்கும். தரையில வெள்ளம் ஒழிக்கணும், கேட்டியளா?"

"என்னது? கேக்கலை."

"வெள்ளம் சார். வெள்ளம் ஒழிக்கணும். காலையிலயும் சாயங்காலமும் மறக்காம ஒழிக்கணும். நல்லா."

"ஓ, செரி செரி. அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன். எத்தனை நாளைக்கு—"

அஜீஷ் ரிசீவரை வைத்துவிட்டான். பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி ஒட்டு நினைத்ததைவிட நீண்டது. பெயர்ந்தது ஒரு மூலை இல்லை, தட்டத் தட்ட அடுத்த அடியும் பொக்கென்று ஒலித்தது; யாரோ ஈரத்தின்மேல் அவசரமாகப் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் வெட்டி எடுத்துச் சரிசெய்து அவன் கரமனைக்கு வந்தபோது புதன்கிழமை மாலை. மழை இல்லை. நல்ல வெயில் கூட இருந்தது. நாளைக்கு அடிப்பூச்சுப் பிரைமர், வெள்ளி காலையில் கோட்டிங், பளபளப்பு என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி சந்துக்குள் திரும்பினான்.

ஷெட் வாசலில் சிமெண்டால் ஒரு வரப்புக் கட்டியிருந்தது. வரப்புக்கு உள்ளே சுவரிலிருந்து சுவர் வரை தண்ணீர். அதில் கேட்டின் கம்பிகள் நெளிந்து தெரிந்தன. அனந்தபத்மநாபன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸ் குழாயோடு நின்றார்.

"வா வா. ஒரு வேளை தப்பலை, பாத்துக்கோ."

அஜீஷ் வரப்பைக் காட்டினான். "சார், இது என்ன?"

"நீ சொன்னதுதான். காலம்பற ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். வெளியில வழிஞ்சு போயிண்டே இருந்தது, அதான் வரப்புக் கட்டினேன். மாடி வார்த்தப்போ மேஸ்திரி இப்படியாக்கும் கட்டினான்."

"நான் ஒழிக்கல்லா சொன்னேன்."

"ஒழிச்சேனே."

"ஒழிக்கச் சொன்னா ஏன் சார் ஒழிச்சிய?"

"ஒழிக்கச் சொன்னா ஒழிக்காம?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி பின்வாசலில் வந்து நின்றாள். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது.

"அவன் சொன்னது நம்மாத்துல ஒழிக்கறது. நீங்க கேட்டது அவா ஒழிக்கறது" என்றாள்.

மலையாளத்தில் வெள்ளம் ஒழிப்பது என்றால் தண்ணீர் ஊற்றுவது. இந்த நகரத்தில் சிமெண்டு போட்டவன் எவனும் வீட்டுக்காரரிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை அது. கான்கிரீட் இறுகுவதற்குத் தினமும் வெள்ளம் ஒழிக்க வேண்டும். சார் தன் வாழ்க்கையில் மூன்று மேஸ்திரிகளிடம் அதைக் கேட்டிருக்கிறார், மூன்று முறையும் தவறாமல் ஒழித்திருக்கிறார்; வெடிப்பில் அடைத்த புதுச் சிமெண்டுக்காகச் சொல்கிறான் என்றே இப்போதும் எடுத்துக்கொண்டார். அஜீஷோ தண்ணீரைத் தன் ஊர் வழக்கப்படி வெள்ளம் என்று சொல்லிவிட்டு, அதை அகற்றுவதற்கு மாமியின் ஒழிப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டான்.

"வெள்ளம்னு மலையாளத்துல ஆரம்பிச்சவன் நடு வாக்கியத்துல தமிழுக்குத் தாண்டுவான்னு நான் கண்டேனா?" என்றார் சார். பிறகு, "எத்தனை நாளைக்குன்னு கேட்டேன், நீ போனை வெச்சுட்டே" என்று மெதுவாகச் சொன்னார். குழாய் அவர் கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும் போலிருந்தது அஜீஷுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. குழாயை வாங்கி மூடினான். கடப்பாறையால் வரப்பை உடைத்தான். தண்ணீர் சந்தில் இறங்கி ஆற்றை நோக்கி ஓடியது.

அன்று இரவும் மறுநாளும் அந்த ஷெட்டில் நடந்தது ஒரு யுத்தம். கோயில் விழாவுக்குப் பந்தல் போடுகிறவரிடமிருந்து பெரிய ஃபேன்கள் வந்தன. சார் தன் படுக்கை அறை ஃபேனையும் தூக்கி வந்தார். கல்யாண வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்குகளைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். கரண்டு போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. போன நேரமெல்லாம் அஜீஷ் சந்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

வியாழன் மதியத்துக்குள் தரை வெளுத்துவிட்டது. பார்ப்பதற்குக் காய்ந்த தரைதான். "காஞ்சாச்சே" என்று சார் குதிக்காத குறை. அஜீஷ் பேசாமல் ஒரு பாலிதீன் தாளைச் சதுரமாக வெட்டி, தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டினான். கான்கிரீட் மேலே காய்ந்தாலும் உள்ளே குடித்த தண்ணீரை விடாது. அது இருந்தால் மேலே ஏறித் தாளின் அடியில் வியர்க்கும். தாளை ஒட்டிவிட்டு மறுநாள் வரை பார்க்கக் கூடாது என்பது கணக்கு. அவன் இருட்டுவதற்கு முன்பே குனிந்து பார்த்தான். தாளின் அடியில் பொடிப் பொடியாக முத்துகள்.

வெள்ளிக்கிழமை காலையில் முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளிகளாகியிருந்தன. ரெஜி மாலையில் வருவான்.

சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமி சொல்லியிருந்தாள். "இப்போ போட்டா என்ன ஆகும்?"

"பளபளன்னு இருக்கும் சார். ஒரு மாசம். கூடிப்போனா ரெண்டு. பின்ன அங்கங்க பொங்கி எழும்பும்."

"உங்க ரெஜி நாளைக்குப் போயிடுவானோல்லியோ?"

"போயிருவாரு."

"அப்போ போட்டுடு" என்றார் அவர். "எனக்குச் சாரமில்லை, பரவாயில்லை. பொங்கினாப் பொங்கட்டும். காருதானே நிக்கப் போறது. மஹேஷ்கிட்ட நான் சொல்லிக்கறேன். கெடுத்தவன் நானாக்கும், ஒன் காரியம் நடக்கட்டும்."

அஜீஷ் எழுந்தான். டின்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். முதல் டின்னின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் கெட்டியாக, மேல்பரப்பு அசையாமல் இருந்தது. இரண்டாவது டின்னை அதில் கவிழ்த்தால் போதும். அப்புறம் யோசிக்க நேரமே இருக்காது. ஓட வேண்டியதுதான். அவன் உடம்பு முழுவதும் அதற்காகத் துடித்தது. வீட்டுக்காரரே போடு என்கிறார். சாயங்காலம் விளக்குப் போட்டால் ரெஜி தன் முகத்தைத் தரையில் பார்ப்பான்.

வித்துராவில் சுத்தியலால் தட்டியபோது கேட்ட அந்தப் பொக்குச் சத்தம் அவன் கையில் இன்னும் இருந்தது. எந்த அடியில் நிற்கும் என்று தெரியாமல் வெட்டிக்கொண்டே போன தரை. அதைப் போட்டவன் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இதைப் போட்டவன் யாரென்று இங்கே எல்லாருக்கும் தெரியும், தொடக்கம் முதல் கடைசி வரை. இந்த விளிம்புகளை மண்டியிட்டுத் தேய்த்தது அவன் கை. இரண்டாவது டின்னை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். பிறகு முதல் டின்னின் மூடியைப் பொருத்தி, குதிகாலால் சுற்றிலும் மிதித்து மூடினான்.

"என்னடா?"

"ஒட்டாது சார்" என்றான். அழுகை வந்தது. முகத்தைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனான்.

ரெஜி சொன்னபடி வந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவன், வெற்றுச் சிமெண்டைப் பார்த்ததும் நின்றான்.

"கோட்டிங் எங்கலே?"

"போடல்ல அண்ணா. ஈரம் உண்டு."

ரெஜி குந்தி உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவினான். தன் பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டான். விட்ட இடத்தில் நிற்காமல் தரை அதை உடனே இழுத்துக் கறுத்தது; சரியாகச் சொரசொரப்பாக்கிய தரை அப்படித்தான் குடிக்கும். சுவர் ஓரமாகவே நகர்ந்து போய் மூலையில் விரலை வைத்துப் பார்த்தான். பாலிதீன் தாளைக் கண்டதும் டேப்பைப் பிரித்து அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தான். கடைசியில் டின்னைப் பார்த்தான்.

"தொறந்திருக்கியே."

"தொறந்தேன்."

"பின்ன?"

"மூடிட்டேன்."

"அவன் மேல ஒரு தப்பும் இல்லை" என்று சார் குறுக்கே வந்தார். "நானாக்கும் வெள்ளம் ஒழிச்சது. போட்டுடுன்னு சொன்னதும் நான்தான். கேக்கமாட்டேன்னுட்டான்."

"சார் எதுக்கு வெள்ளம் ஒழிச்சிய?"

"அதை இவன்கிட்டயே கேளுங்கோ. இவன் தமிழாக்கும் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள் மாமி, காபி டம்ளரை நீட்டியபடி.

ரெஜி காபியைக் குடித்து முடித்து டம்ளரை மாமியிடம் கொடுத்தான். அஜீஷ் கேட் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அஜீஷு, நீ ஊத்தினதை நான் காணல்ல. காணாததைக் கம்பெனியில பறய மாட்டேன். அப்ளிகேட்டருன்னு உன் பேரு குடுக்க ஒக்காது."

அஜீஷ் தலையசைத்தான்.

"ஆனா ஒருக்குற கேங்கில ஆளு வேணும். மெஷின் உரசணும், தூசி திங்கணும். தாளு ஒட்டிட்டு நிக்கணும். காயல்லன்னா காயல்லன்னு பறயணும், எஞ்சினியர் வந்து கத்துவான், அப்பவும் காயல்லன்னு பறயணும். அதுக்குத்தான் ஆளு கிட்டமாட்டேங்கு. எல்லாவனுக்கும் ஊத்தணும்."

"ஊத்துற டீமுக்கு மாத்துவாவளா?"

"எனக்கு அறியாது. பொய் பறய மாட்டேன். அவுக ஊத்த வரும்போ நீங்க அடுத்த கெட்டடத்துக்குப் போயிருப்பிய."

"அப்போ ஊத்துறதைக் காணவும் முடியாது."

"முடியாது. நிப்பியா?"

"வாறேன்" என்றான் அஜீஷ்.

"ராத்திரி யோசிச்சுக் காலம்பற சொல்லேண்டா" என்றார் சார்.

"யோசிச்சா வேண்டாம்னு தோணிரும் சார்."

ரெஜி போன பிறகு மழை ஒரு வாரம் ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அஜீஷ் தினமும் பாறசாலையிலிருந்து வந்து, பழைய தாளை எடுத்துப் புதிய தாளை ஒட்டிவிட்டுப் போனான். தாள் ஒருநாள் லேசாக மங்கியிருந்தது, அடுத்த நாள் அதைவிடக் குறைவாக. ஒன்றும் இல்லாத காலையில் பிரைமர் போட்டான். மறுநாள் இரண்டு டின்களையும் கலந்தான். கூட ஓடுவதற்கு ஆள் இல்லை. தானே ஊற்றி, தானே இழுத்து, ஆணிச் செருப்போடு தானே குமிழி உடைத்துப் பின்வாங்கிக் கேட் வரை வந்து சேர்ந்தான். வியர்வை தரையில் விழாமல் இருக்கத் தலையில் துண்டு. பார்ப்பதற்கு ரெஜி இல்லை. சாரும் மாமியும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆறிய பிறகு தரையில் மேலே எரிந்த பல்பு தெரிந்தது. "மஹேஷோடதை விட நன்னாருக்கு" என்றார் சார். அது உண்மையா என்று அவருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அன்றுதான் முழுவதையும் சொன்னான். ராஜபாய் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்புட்டுத் தூரம் போயி தரை கழுவவா?"

"கழுவுறது இல்லம்மா. ஒருக்குறது. உரசி, ஆசிட் போட்டு, காயுதான்னு பாத்து."

"காயுறது வரைக்கும் நீ என்ன செய்வே?"

"நிக்கணும்."

"காஞ்ச பின்ன?"

"அவுக ஊத்துவாவ. நாங்க வேற எடத்துக்குப் போவோம்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "லே, உனக்கு அது ஏலுமா?"

அவன் அதற்குள் எழுந்து வாசல் வரை போயிருந்தான். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க ஸ்டுடியோ மூடுவதற்குள் போக வேண்டும்.

"ஏலும்னு பறஞ்சாச்சும்மா" என்றான்.